கோப்ரா டாண்டா: கூட்டமில்லாத இமயமலை முகட்டில் முதல் நடை

இமயமலையில் நடக்க ஆசை, இதுவரை போனதில்லை என்று யாராவது கேட்டால், எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போ, அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் நல்ல பாதைகள். ஆனால் அக்டோபரில் அங்கே முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டேதான் ஏற வேண்டியிருக்கும். அதே அன்னபூர்ணா வட்டாரத்தில், நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில், மகர் மக்களின் ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஒரு முகட்டுப் பாதை போகிறது. நாங்கி, மொஹரே டாண்டா, ஸ்வாந்தா, கோப்ரா டாண்டா என்று ஏறி இறங்கி கந்த்ருக்கில் முடியும். வழியில் பல தங்குமிடங்களை ஊர்க்காரர்களே கூடிக் கட்டி நடத்துகிறார்கள். கிடைக்கும் வருமானம் ஊர்ப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போகிறது. கண்ணுக்கு எதிரே 8,167 மீட்டர் உயர தவளகிரி. முதல் நடைக்கு இதைவிட நல்ல பாதையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

புதிதாகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இன்றிரவு எந்த உயரத்தில், எந்த ஊரில் தூங்கப் போகிறோம் என்று கணக்குப் போடுங்கள். மலையில் உடம்பு கெடுவதும் தேறுவதும் தூங்கும் உயரத்தைப் பொறுத்தது. சாப்பாடு, குளிர், செலவு, ஊர்க்காரர்களோடு பழக்கம் எல்லாம் தங்கும் இடத்தில்தான் அமைகின்றன. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எப்போது போகலாம்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை வானம் தெளிவாக இருக்கும். என்னைக் கேட்டால் நவம்பர் முதல் பாதி. தசைன், திஹார் பண்டிகைக் கூட்டம் பெரும்பாலும் குறைந்திருக்கும், குளிரும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். தசைன் சமயத்தில் நேபாளமே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். மலையைவிடப் பூக்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்ச் பிற்பாதியிலும் ஏப்ரலிலும் போகலாம். லாலிகுராஸ் என்று அவர்கள் சொல்லும் ரோடோடெண்ட்ரான்தான் நேபாளத்தின் தேசிய மலர். மொஹரே டாண்டாவுக்கு ஏறும் காடு முழுக்கச் சிவந்து கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் மத்தியானத்துக்குமேல் மேகம் கூடி இடி, ஆலங்கட்டி மழை என்று வரும். நடையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டைகளும். மலையும் கண்ணில் படாது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை கோப்ராவில் பனி கொட்டிக் கிடக்கும். தங்குமிடம் மூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

அக்டோபரில் போகிறவர்கள் வங்காள விரிகுடாவின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே ஏறி அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் கணவாயிலும் சுற்றுப்பகுதியிலும் 40 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். நம் கரையில் புயல் என்று செய்தி வந்தால், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு கோப்ராவுக்கு ஏறாமல் ஸ்வாந்தா போன்ற தாழ்வான ஊரில் தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உடம்பைத் தயார்செய்வது

இந்தப் பாதையில் கயிறு பிடித்து ஏறும் இடம் எதுவும் கிடையாது. எல்லாம் கல் படிகளும் ஒற்றையடிப் பாதையும்தான். ஆனால் படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறும் நாளும் உண்டு, ஆயிரம் மீட்டர் இறங்கும் நாளும் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போனால் சரியாகிவிடும். முட்டி வலிப்பது இறங்கும்போதுதான்.

அதனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே படி ஏறி இறங்கிப் பழகுங்கள். அடுக்குமாடி வீட்டின் மாடிப்படி போதும். வாரம் நான்கு நாள், முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு, முக்கால் மணி நேரம். லிஃப்டில் இறங்கிவிட்டால் பாதிப் பயிற்சி வீண், இறங்குவதையும் நடந்தே செய்யுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை ஒரு முழுநாள் மலை. பர்வதமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என்று உங்களுக்கு எது பக்கமோ அது. மலையேறிய மறுநாளும் எழுந்து இரண்டு மணி நேரம் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் தயார். இமயத்தில் தினமும் மறுநாள் நடை இருக்கிறது, அதற்குத்தான் இந்தச் சோதனை.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள்.

தாள்களும் பணமும்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்றின் அசல் கையில் வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள், 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது செல்லாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும்.

இந்தப் பகுதி அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அதற்கான நுழைவு அனுமதி பொக்காராவிலும் காட்மாண்டுவிலும் உள்ள சுற்றுலா வாரிய அலுவலகங்களில் கிடைக்கும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. இதுதான் நெடுநாளாக இருக்கும் கட்டணம், கிளம்பும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் நான்கைந்து எடுத்துப்போங்கள், பல இடங்களில் தேவைப்படும். நடைப்பயணிகளைப் பதிவுசெய்யும் டிம்ஸ் அட்டையை உங்கள் வழிகாட்டியின் நிறுவனமே எடுத்துத் தரும். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேபாளத்தில் விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் இந்தப் பாதைக்கு வழிகாட்டி வேண்டும் என்றுதான் சொல்வேன். பெரிய பாதைகளைப் போல இங்கே கூட்டத்தைப் பின்தொடர்ந்து போய்விட முடியாது. காட்டுக்குள் மாடு மேய்ப்பவர்களின் பாதைகள் நாலாபக்கமும் பிரிந்துபோகும், மேகம் இறங்கிவிட்டால் எது நம் பாதை என்று தெரியாது. மொஹரே, கோப்ரா தங்குமிடங்களுக்கு முன்கூட்டியே போன் போட்டு இடம் சொல்லிவைப்பதும் அவர்தான். மேலே வேறு தங்குமிடங்கள் அதிகம் கிடையாது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் சீசனில் உணவுக்கூடத்தின் பெஞ்சில் படுக்க வேண்டிவரும்.

பையை ஆள் வைத்துத் தூக்கச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஓர் ஊருக்கு அது வேலை. ஆனால் இரண்டு பேரின் சாமான்கள் சேர்ந்து 15 கிலோவுக்குள் இருக்கும்படி கட்டுங்கள். சுமப்பவருக்கு நல்ல காலணி, குளிருக்கு மேலாடை, காப்பீடு இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று. இந்தியப் பணத்தை 100 ரூபாய் நோட்டுகளாகவே கொண்டுபோங்கள், பெரிய நோட்டை வாங்க மறுக்கும் கடைகள் உண்டு. பொக்காராவில் பல கடைகளில் யுபிஐ வேலை செய்யும். மலைமேல் ரொக்கம் மட்டும்தான். கலேஷ்வரைத் தாண்டினால் ஏடிஎம் என்ற பேச்சே கிடையாது. மொத்தச் செலவையும் கணக்குப் போட்டு, அதற்கு மேல் மூன்று நாள் செலவையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது 4,000 மீட்டருக்கு மேல் நடப்பதும், ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பொக்காரா போய்ச் சேர்வது

நேரமில்லாதவர்கள் டெல்லி வழியாகக் காட்மாண்டுவுக்குப் பறந்து, அங்கிருந்து பொக்காராவுக்குச் சின்ன விமானத்தில் போகலாம். பஸ்ஸில் போனால் 200 கிலோமீட்டர், பகல் முழுக்க ஆகும். ரயிலில் போக விரும்பினால் சென்னை வழியாக கோரக்பூருக்கு ராப்திசாகர் விரைவு ரயில் இருக்கிறது. கோரக்பூரிலிருந்து சுனவுலி எல்லைக்குப் பஸ், எல்லையை நடந்தே கடந்து பைரஹவாவிலிருந்து பொக்காராவுக்கு மலைப்பாதையில் இன்னொரு பஸ். நேரம் இருப்பவர்களுக்கு இது செலவு குறைந்த வழி. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் திருப்பிக்கொள்ளுங்கள். பொக்காராவில் ஒருநாள் கட்டாயம் தங்குங்கள். அனுமதி எடுப்பது, வழிகாட்டியை நேரில் சந்தித்துப் பேசுவது, வாடகைக்குத் தடித்த மேலங்கி, உள்ளே புகுந்து தூங்கும் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) எடுப்பது எல்லாம் ஏரிக்கரைக் கடைகளில் முடிந்துவிடும். ஒரே ஒரு நடைக்காக விலை கொடுத்து வாங்காதீர்கள்.

இரவு இரவாக வழி

பொக்காராவிலிருந்து பேனி வரை ஜீப் அல்லது பஸ். முக்திநாத்துக்குப் போகும் தமிழர்களுக்கு இந்தச் சாலை தெரிந்திருக்கும். 108 திவ்யதேசங்களில் சாளக்கிராமம் என்று வரும் தலத்துக்குக் காளி கண்டகி ஆற்றை ஒட்டி இதே சாலையில்தான் போக வேண்டும். பேனிக்குச் சற்று மேலே, ஆற்றோரம் ஒரே பெரிய பாறையின்மேல் சிவன் கோயில் உள்ள கலேஷ்வரில் நாம் சாலையை விட்டு மலைக்குத் திரும்புகிறோம்.

முதல் இரவு பான்ஸ்கர்கா, ஏறத்தாழ 1,500 மீட்டர். கலேஷ்வரிலிருந்து மெதுவாக ஏறிப் பிற்பகலில் சேர்ந்துவிடலாம். வெயில் இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கோதுமையும் கேழ்வரகும் விளையும் படிவயல்கள், ஓடு வேய்ந்த கல்வீடுகள். மலை இன்னும் கண்ணில் படாது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த நாள் காலுக்கும் காலணிக்கும் பழக்கம் ஏற்படத்தான்.

இரண்டாம் இரவு நாங்கி, சுமார் 2,300 மீட்டர். இப்போது ஜீப் பாதை இங்கேவரை வந்துவிட்டதால் வழிகாட்டி நிறுவனங்கள் முதல் இரண்டு நாளை வெட்டிவிடலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உயரத்துக்கு உடம்பு பழகுவதே இந்த இரண்டு நாளில்தான். தவிர, நாங்கியைப் பார்க்காமல் போவது இந்தப் பாதையின் உயிரை விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். மகாபீர் புன் பிறந்த ஊர் இது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் படித்துவிட்டுத் திரும்பிவந்து, ஊர்ப் பள்ளியை வளர்த்து, பழைய பாகங்களை மரப்பெட்டிக்குள் பொருத்திக் கணினி செய்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். தொலைபேசிக் கம்பியே எட்டாத இந்த மலைகளுக்குக் கம்பியில்லா இணையத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். அந்த அலைவரிசையை ஊர் ஊராகக் கைமாற்றும் நிலையம் மொஹரே டாண்டாவில் இருந்தது. 2007-ல் ராமன் மகசேசே விருது பெற்றார். ஊரே சேர்ந்து தங்குமிடம் நடத்தி, வரும் பணத்தில் பள்ளிக்கூடத்தைத் தாங்கும் ஏற்பாடும் அதே முயற்சியிலிருந்து வந்ததுதான். பிற்பகல் மூன்று மணிக்குள் நாங்கிக்கு வந்துசேர்ந்தால் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். லோக்தா என்னும் செடியின் பட்டையிலிருந்து கையால் காகிதம் செய்யும் வழக்கம் இங்கே உண்டு. பல வீடுகளில் கூர்க்காப் படையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலர் இந்தியப் படையில் இருந்தவர்கள், அதனால் இந்தியில் பேச்சு ஓடும்.

மூன்றாம் இரவு மொஹரே டாண்டா, 3,300 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஐந்து ஆறு மணி நேரம். ஓக் மரங்களும் ரோடோடெண்ட்ரானும் அடர்ந்த காடு, பாசி படிந்த கிளைகள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மேலே முகட்டில் ஒரு தங்குமிடம், ஒரு பார்வைக் கோபுரம், நாலு பக்கமும் திறந்த வெளி. இங்கிருந்து பார்த்தால் தெரிகிற பூன் ஹில் 3,210 மீட்டர்தான். சூரிய உதயம் பார்க்க அங்கே சீசனில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கும் அதே நேரத்தில், அதைவிட உயரமான இந்த முகட்டில் உங்களோடு பத்துப் பேர் நின்றால் அதிகம்.

விடியலுக்கு அரை மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடுங்கள். மலையில் முதலில் வெளிச்சம் படுவது தவளகிரியின் உச்சியில். கீழே பள்ளத்தாக்கில் இன்னும் இரவு. உச்சியில் ஒரு விரல்நுனி அளவுக்குச் செம்மஞ்சள் ஒட்டி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் தோள்வரை வழிந்து இறங்குவது தெரியும். அப்புறம் அன்னபூர்ணா தெற்கு, 7,219 மீட்டர். அதற்குக் கிழக்கே மீன்வால் வடிவ மச்சபுச்சரே, 6,993 மீட்டர். புனித மலை என்பதால் அதன்மேல் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் வெள்ளையாகிவிடும், பத்து மணிக்குமேல் மேகம் வந்துவிடும். அதனால் காலைத் தூக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

நான்காம் இரவு ஸ்வாந்தா, 2,200 மீட்டர். இது முழுக்க முழுக்க இறக்கம். இரண்டு ஊன்றுகோல்களும் இன்றைக்குத்தான் தங்கள் வேலையைச் செய்யும். காலைச் சிறு சிறு அடிகளாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியபடியே இறங்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். கோவேறு கழுதைகள் மணி ஒலியோடு எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். முதுகில் சிலிண்டரும் அரிசி மூட்டையும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். அது போகிற போக்கில் இடித்துவிட்டுப் போய்விடும்.

ஐந்தாம் இரவில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஸ்வாந்தாவிலிருந்து நேராக கோப்ராவுக்கு ஒரே நாளில் போய்விடலாம், போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற்றம், தூங்குமிடமும் அவ்வளவு உயர்ந்துவிடும். நடுவில் சிஸ்திபாங் என்று காட்டுக்குள் ஓர் எளிய தங்குமிடம், ஏறத்தாழ 3,000 மீட்டர். மூன்று நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். மத்தியானமே வந்துவிட்டோமே, இன்னும் மூன்று மணி நேரம்தானே என்று மனம் அடித்துக்கொள்ளும். அங்கேயே தங்குங்கள். வழிகாட்டியிடம் திட்டம் போடும்போதே இந்த இரவை எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆறாம் இரவு கோப்ரா டாண்டா, 3,660 மீட்டர். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும். திரும்பித் திரும்பி ஏறும் பாதை, கடைசியில் முகட்டின்மேல் சமதளமான திடல், அதில் கல்லால் கட்டிய தங்குமிடம். அன்னபூர்ணா தெற்கு இங்கே தலைக்குமேல் நிற்கும், பக்கத்தில் 7,647 மீட்டர் உயர பரஹ சிகர், வடக்கே நீலகிரி. மேற்கே தரை அப்படியே அறுந்து காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் விழும், அக்கரையில் தவளகிரி. ஒரு பக்கம் அன்னபூர்ணாத் தொடர், மறுபக்கம் தவளகிரி, இரண்டுக்கும் நடுவே அறுத்துக்கொண்டு ஓடும் ஆறு. அதற்கு நேர்மேலே நீங்கள் நிற்கிறீர்கள். பிற்பகலில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்துவந்து திடலை மூடும். அரை மணி நேரத்துக்குமுன் உங்களுக்குப் பத்தடியில் இருந்த கழிவறை கண்ணுக்குத் தெரியாது, அந்த நேரத்தில் தனியாக உலாவப் போகாதீர்கள். காலையில் புல்சரிவுகளில் டான்ஃபே பறவை மேயும், வானவில் நிறக் கழுத்து, நேபாளத்தின் தேசியப் பறவை. அதைப் பார்ப்பதற்காகவாவது சத்தம் போடாமல் நடங்கள்.

கோப்ராவில் இரண்டு இரவு தங்குங்கள். இரண்டாம் நாளில் பெரும்பாலானவர்கள் கயர் ஏரிக்குப் போவார்கள். 4,500 மீட்டருக்கும் மேல் இருக்கும் புனித ஏரி, ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் பக்தர்கள் மலையேறி வருவார்கள். போகவர பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் கடையோ ஒதுங்க இடமோ கிடையாது, விடியுமுன் கிளம்ப வேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்கு என் கருத்து: ஏரி வரை போயே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏறினாலே பார்வை விரிந்துவிடும், உயரத்துக்கும் உடம்பு பழகும். அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு இறங்குங்கள். தலைவலி சிறிதும் இல்லை, முந்தைய இரவு நன்றாகத் தூங்கினேன், வானம் தெளிவாக இருக்கிறது, வழிகாட்டியும் சரி என்கிறார். இந்த நான்கும் சேர்ந்தால் மட்டும் ஏரிக்குப் போகலாம்.

எட்டாம் நாள் பாயேலி வழியாகத் தோபாத்தோ. மலைச்சரிவில் குறுக்கே போகும் பாதை, சில இடங்களில் குறுகல், ஒரு பக்கம் பள்ளம். மண்சரிவில் பாதை அறுந்திருக்கிறதா என்று கோப்ராவிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளம் பார்த்தால் தலைசுற்றுகிறவர்களும், பாதை சரியில்லை என்று கேள்விப்பட்டவர்களும் வந்த வழியே சிஸ்திபாங், ஸ்வாந்தா இறங்கி கோரேபானி வழியாக வெளியே வந்துவிடலாம். தோபாத்தோ 3,400 மீட்டர். மறுநாள் விடியலில் அருகிலுள்ள முல்தை முகட்டுக்கு ஏறினால் இதுவரை பார்த்த மலைகள் அனைத்தையும் ஒரே வரிசையில் பார்க்கலாம். பிறகு தாடாபானிக்கு இறங்கினால் பெரிய பாதையின் கூட்டத்தோடு கலந்துவிடுவோம். அங்கிருந்து காட்டுவழியே கந்த்ருக், குருங் மக்களின் அழகான பெரிய ஊர். கந்த்ருக்கிலிருந்து சாலை இருக்கிறது.

தங்குமிடத்தில்

அறை என்றால் இரண்டு கட்டில், மெல்லிய பலகைச் சுவர், ஒரு கனத்த போர்வை. கழிவறை பொது. மின்சாரம் சூரிய ஒளியில் வருவது, மேகம் கட்டினால் அதுவும் இருக்காது. போன் சார்ஜ் ஏற்றவும் வெந்நீருக்கும் தனிக் காசு. மேலே தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவருகிறார்கள், குளியலை ஸ்வாந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூடான இடம் உணவுக்கூடம் ஒன்றுதான். நடுவில் தகர அடுப்பு, அதைச் சுற்றிக் கம்பியில் காயும் காலுறைகள், பெஞ்சில் எல்லா நாட்டவரும், வழிகாட்டிகளும், சுமப்பவர்களும். வந்துசேர்ந்தவுடனேயே இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமைக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றாக பாஸ்தா, பீட்சா, நூடுல்ஸ் என்று கேட்டால் விறகும் நேரமும் வீண். தால் பாத் கேளுங்கள். சோறு, பருப்பு, ஒரு காய், கீரை, ஊறுகாய், சில நாள் குந்த்ருக் என்னும் உலர்த்திய புளித்த கீரையில் ஒரு சூப். நம் நாக்குக்கு இதுதான் பக்கம். தீமுர் என்ற மலைமிளகு அரைத்த துவையல் இருந்தால் விடாதீர்கள். தட்டில் சோறு குறைந்ததுமே குண்டானோடு வந்து மறுபடி போடுவார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. போதும் என்றால் ‘புக்யோ’ என்று சொல்லித் தட்டின்மேல் கையைக் காட்டுங்கள். சைவர்களுக்கு இந்தப் பாதையில் சிரமமே இல்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று சின்னச் சின்னப் பொட்டலங்கள் எடுத்துப்போனால் பசி மந்தமாகும் உயரத்தில் கைகொடுக்கும்.

சமைக்கிற அம்மாவை ‘தீதி’ என்று கூப்பிடுங்கள், அக்கா என்று அர்த்தம். ஆண்களை ‘தாஜு’ என்று. அடுப்பை அவர்கள் தூய்மையாகக் கருதுவார்கள், குப்பைத்தாளை அதில் போடக்கூடாது. நீங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றையும் பொக்காரா வரை திரும்ப எடுத்துவாருங்கள். கோப்ராவில் குப்பை வண்டி வராது. பாட்டில் தண்ணீர் வாங்காமல், காய்ச்சிய தண்ணீரையோ குளோரின் மாத்திரையையோ பயன்படுத்துங்கள். இரவு காய்ச்சிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் அதையே குடிக்கலாம். விலையில் பேரம் வேண்டாம். உங்கள் தட்டுக்கு வரும் ஒவ்வொரு முட்டையும் யாரோ ஒருவர் முதுகில் ஏறிவந்தது.

உயரம் உடம்பைத் தாக்கினால்

உயர நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம், இளைஞர், விளையாட்டு வீரர் என்ற வித்தியாசம் கிடையாது. தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை இவை ஆரம்பம். தலைவலியோடு இவற்றில் இன்னொன்றும் சேர்ந்தால் அன்றைக்கு மேலே ஏறுவதில்லை. அதே ஊரில் தங்கி, மறுநாள் சரியாகிவிட்டால் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுகிறது, நுரையோடு இருமல் வருகிறது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் டார்ச் பிடித்துக்கொண்டு, துணையோடு கீழே இறக்க வேண்டும். இந்தப் பாதையின் நல்ல குணம், எங்கிருந்தாலும் சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கிவிடலாம்.

உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டாசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மேலே மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். தலைவலியை மறைத்துக்கொண்டு நடக்காதீர்கள். குழுவைத் தாமதப்படுத்துகிறோமோ என்ற கூச்சத்தில் மறைப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

பையில் என்ன

எட்டுக் கிலோவுக்குள் அடக்குங்கள். கணுக்கால் மூடும் காலணி, கிளம்புமுன் நூறு கிலோமீட்டராவது போட்டு நடந்திருக்க வேண்டும். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிரில் அதுவே எமன். சீக்கிரம் காயும் சட்டை இரண்டு, உள்ளே போடும் கம்பளி ஒரு ஜோடி, நடுவில் ஃபிளீஸ், மேலே தடித்த மேலங்கி, எல்லாவற்றுக்கும் மேல் மழைச்சட்டை. குல்லாய், கையுறை, கறுப்புக் கண்ணாடி, நெற்றியில் கட்டும் டார்ச். கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, வயிற்றுப்போக்கு மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம். பவர் பேங்கையும் போனையும் இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். சிம் கார்டு நேபாள் டெலிகாம் வாங்குங்கள்.

மொத்தத்தில் நடை ஒன்பது நாள், பொக்காராவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள், கெட்ட வானிலைக்கென்று இரண்டு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து போக வர ரயிலோ விமானமோ அதற்கு மேல். அந்த இரண்டு நாள் மிச்சமானால் பொக்காராவில் கழிக்கலாம், ஆனால் அவை இல்லாமல் திரும்பும் டிக்கெட்டைப் போடாதீர்கள். கடைசி நாள் கந்த்ருக்கிலிருந்து பொக்காராவுக்கு ஜீப்பும் பஸ்ஸும் காலையில்தான் அதிகம். அதனால் முந்தைய இரவு கந்த்ருக்கிலேயே தங்கி, வழிகாட்டிக்கும் சுமந்தவருக்கும் அன்பளிப்பை அவரவர் கையில் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். பொக்காரா பஸ் நிலையத்தின் பரபரப்பில் அதை நிதானமாகச் செய்ய முடியாது.